மண் போகுமுன் கணக்கு

மழை ஓய்ந்தபின் ஓடையில் செந்நிற வெள்ளம் ஓடக் காண்கிறோம். அது வெறும் கலங்கல் அன்று. மேட்டு நிலத்தின் வளமிக்க மேல்மண். போன மண்ணை மீட்பது அரிது. எந்நிலத்தில் எவ்வளவு மண் போகக்கூடும் என்பதை முன்கூட்டியே அறியலாமா? அறியலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பல்லாண்டு கணக்குப் பாடம் கற்பித்த எனக்கு, இம்முறையின் அடிப்படை ஒரு பெருக்கற் கணக்கே என்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் விஷ்மியர், ஸ்மித் என்னும் அறிஞர் இருவர், பல மாநிலங்களின் சோதனைப் பாத்திகளில் திரட்டிய அளவுகளை ஆராய்ந்து, 1965-இல் தங்கள் மண்ணிழப்புச் சமன்பாட்டை விளக்கும் கையேட்டை வெளியிட்டனர். மழையின் தாக்குவலிமை, மண்ணின் அரிபடும் இயல்பு, சரிவின் நீளம், அதன் செங்குத்து, நிலத்தைப் போர்த்திய பயிர், வரப்பு முதலிய காப்புமுறை ஆகிய ஆறுக்கும் எண்மதிப்பு இட்டுப் பெருக்கினால், ஆண்டொன்றுக்குச் சராசரியாக எக்டேருக்கு எத்தனை டன் மண் போகும் என்பது கிடைக்கும். மழையை நாம் மாற்ற இயலாது. ஆனால், பயிர்ப்போர்வைக்குரிய எண் பாதியானால் மண்ணிழப்பும் பாதியாகும். உழவர் கையிலுள்ள வலிமை இதுவே.

ஒரு வயலுக்குச் செய்யும் கணக்கை ஒரு மாவட்டத்திற்குச் செய்வது எங்ஙனம்? இங்கேதான் துணைக்கோள் துணைநிற்கிறது. பசிய இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். வெற்று மண்ணில் இவ்வேறுபாடு சிறிது. 1972-இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசைத் துணைக்கோள்கள் இதனை அளந்து, போர்வையுள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் பிரித்துக் காட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரங்களை அளந்தது. அவற்றிலிருந்து சரிவு கிடைக்கிறது. கணினி சதுரம் சதுரமாகப் பெருக்கி, இடர்மிக்க இடங்களை நிறமிட்டுக் காட்டுகிறது.

ஆயினும் படத்தைக் கண்டு மயங்கலாகாது. இச்சமன்பாடு மேற்பரப்பு அரிப்பையும் சிறு கீறல்களையும் மட்டுமே கூறும். பெரும்பள்ளங்களையும் நிலச்சரிவையும் கூறாது. பல்லாண்டுச் சராசரியைத் தரும். நாளை பெய்யும் மழையின் விளைவைத் தராது. மேலும், மண் மிகுதியாகப் போகும் பருவமழை நாட்களிலேயே முகில் நிலத்தை மறைத்துவிடும்.

மென்சரிவான அமெரிக்கப் பாத்திகளில் கண்ட எண்களை நீலகிரியின் செங்குத்தான கிழங்குத் தோட்டங்களுக்கு அப்படியே இட்டால் விடை பிழைபடும். ஆதலால் உள்ளூர்ப் பாத்திகளில் வழிந்தோடும் நீரையும் மண்ணையும் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. உதகமண்டலத்தில் 1954-இல் மண் காப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றதன் பயன் இதனால் விளங்கும்.

எல்லாச் சரிவிலும் ஒரே ஆண்டில் வரப்பு அமைக்கப் பொருள் போதாது. முதல் வரப்பு எங்கே என்னும் வினாவுக்கு இப்படம் விடை தரும். அவ்விடத்தில் வரப்பை இடுவது நம் கடமை.