திகதி இல்லாத எச்சரிக்கை

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் முருங்கன் வயல்களுக்கு எத்தனை இயந்திரம் வந்தாலும் தோளுக்கு ஓய்வு வரவில்லை. நெல்லை இயந்திரம் அறுக்கும். மூட்டையை லொறியில் ஏற்ற ஆள் வேண்டும். மருந்தடிக்கும் தாங்கி தோளில்தான் தொங்குகிறது. வாய்க்காலில் மண்வெட்டி போடவும், மன்னார் பஸ்ஸில் நெரிசலுக்குள் மேல்கம்பியைப் பிடித்து நிற்கவும் தோள்தான் வேண்டும். வரம்பில் வழுக்கிக் கையூன்றி விழுந்தோ, மோட்டார் சைக்கிளோடு சரிந்தோ தோளின் தசைநாண் கிழிந்து, சத்திரசிகிச்சையும் முடிந்து வீடு வந்த ஒருவருக்கு இந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: தைத்தது திரும்பக் கிழிந்துவிட்டால்?

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இடுப்பில் தொடையெலும்பின் தலை ஆழமான கிண்ணமொன்றுக்குள் புதைந்திருக்கும். தோளிலோ மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, சிறிய தட்டில் வைத்த தேசிக்காயைப் போல நிற்கிறது. அந்தத் தலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் எந்த நேரத்திலும் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மிச்சத்தை இழுத்துப் பிடிப்பவை குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்பும், மூட்டைச் சூழ்ந்த உறையும், நான்கு சிறு தசைகளின் நாண்களும். கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது இந்த அமைப்பால்தான். பெரிய மூட்டுகளில் அடிக்கடி விலகுவது தோளாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

கிழிந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைக்கும்போது, நூல் செய்வது தற்காலிகக் காவல் மட்டுமே. உண்மையான ஒட்டை உடல்தான் வளர்த்தெடுக்க வேண்டும். முதல் 6 வாரங்களில் அந்த ஒட்டு மிகவும் பலவீனமானது. கை, கழுத்தில் தொங்கும் கைத்தொட்டிலில் கிடக்கும். இயன்மருத்துவர் அசைத்தாலும் நோயாளி தன் பலத்தால் தூக்குவதில்லை. ஏறத்தாழ 3 மாதமளவில்தான் பலப்படுத்தும் பயிற்சி தொடங்கும். பாரமான வேலைக்கு 6 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். கிழிவின் அளவையும் சத்திரசிகிச்சை நிபுணரின் முடிவையும் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். மறுகிழிவுகளில் பெரும்பாலானவை முதல் சில மாதங்களிலேயே நேர்கின்றன. வயது, முதற்கிழிவின் அளவு, தசை கொழுப்பாக மாறியிருக்கும் நிலை, நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றுக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆகவே ஆரம்ப வாரங்களில் பயம் ஒரு நல்ல காவற்காரன்.

சிக்கல், அந்தக் காவற்காரன் வேலை முடிந்த பிறகும் வாசலை விட்டு நகராதபோது வருகிறது.

நாண் ஆறியிருக்கும், கை உயராது. தூக்க முயன்றால் கழுத்தோரத் தசை முந்திக்கொண்டு தோளைக் காதுவரை இழுத்துவிடும். அதனால் கழுத்து வலிக்கும். அசையாத மூட்டின் உறை இறுகும், தசை மெலியும். இறுகியதை அசைத்தால் மேலும் வலிக்கும். அந்த வலியை நோயாளி கிழிவின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு கையை இன்னும் பத்திரப்படுத்துவார். இந்தச் சுழலை 1983இல் லெதம் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். முதுகுவலிக்காரர்களை வைத்து அதை விரிவாக்கிய விளேயனும் லின்டனும் 2000இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, வலி மருத்துவத்தில் இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. அசைவின் மேலுள்ள பயத்தை அளக்க 17 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்தும் உண்டு. அமெரிக்காவின் டாம்பா நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் அதில் ஆகக் குறைந்த புள்ளி 17, ஆகக் கூடியது 68.

"ஒன்றும் ஆகாது, பயப்படாதேங்கோ" என்ற சொல் ஏன் பலிப்பதில்லை? விழுந்த கணத்தில் மூளை ஒரு பாடத்தைப் படித்துவிட்டது: இந்த அசைவு, இந்த இடம், இந்த வலி. அந்தப் பாடம் அழிவதில்லை. பயந்த அசைவைச் செய்து, எதிர்பார்த்த கேடு வராமல் போகும் ஒவ்வொரு தடவையும் அதன் மேல் இன்னொரு பாடம் எழுதப்படுகிறது. பயம் தணிவது இப்படித்தான் என்று பாவ்லோவின் காலத்திலிருந்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் எங்கள் ஊருக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி உண்டு. புதிய பாடம் படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பயம் பழைய இடத்தில் திரும்ப எழும். வைத்தியசாலை அறையில் தயங்காமல் கையை உயர்த்தியவர் தன் வயல் வரம்பில் ஏறியதும் விறைத்துப்போவது நடிப்பு அல்ல. பயிற்சியின் கடைசிப் படிகள் வரம்பிலேயே நடக்க வேண்டும்.

கத்தி பட்ட தோள் பழைய வேலைக்குத் திரும்புமா என்ற கேள்விக்குக் கிரிக்கெட்டில் பதில் உண்டு. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் பந்துவீசும் தோளில் 2004 ஆகஸ்டில் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது அவருடைய டெஸ்ட் விக்கெட்டுகள் 532. அவர் ஆடாமல் இருந்த அந்த ஒக்டோபரில் சென்னை சேப்பாக்கத்தில் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன் அவரை முந்தினார். அடுத்த ஆண்டு ஜூலையில், சொந்த ஊரான கண்டியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். 2010இல் காலியில் ஓய்வு பெற்றபோது 800. அதாவது 268 விக்கெட்டுகள் கத்தி பட்ட தோளிலிருந்து வந்தவை. வோர்னின் கதை சற்று வேறு. 1998இல் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அவருக்கு 2002 டிசம்பரில் களத்தில் பாய்ந்து விழுந்து தோள் விலகியது. பிறகும் ஆடி 708 வரை போனார். திரும்பக் காயப்படுவது நடக்கக்கூடியதுதான். அதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

ஆனால் அவர்களுக்கு இருந்த ஒரு வசதி முருங்கன் விவசாயிக்கு இல்லை. தொழில்முறைப் பந்துவீச்சாளருக்கு எப்போது எத்தனை பந்து, எந்த வேகம், எப்போது முழு ஆட்டம் என்று ஆள் நின்று சொல்வார்கள். இவருக்குக் கிடைப்பது பல சமயம் இரண்டு சொல்: கவனமா இருங்கோ. எதுவரை என்று அதில் இல்லை. அடுத்த கிளினிக் வரை அந்தச் சொல்லை வீடு முழுக்கக் காப்பாற்றும். "அப்பா, நீங்க தூக்காதேங்கோ, நாங்க செய்யிறம்" என்று பிள்ளைகள் வாளியைப் பறிப்பார்கள். அது அன்புதான். மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால், நீங்கள் இன்னும் உடைந்தவர் என்று தினமும் நினைவூட்டும் அன்பு. திகதி இல்லாத எச்சரிக்கை நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தடையைச் சொல்லும் வாயே அது முடியும் நாளையும் சொல்ல வேண்டும்.

நிபுணர் அனுமதித்த பிறகு, பயப்படும் வேலைகளை இலேசானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தலாம். சேர்ட்டைத் தலைவழியே போடுவது, தட்டிலிருந்து தேயிலைப் பேணியை எடுப்பது, அரைவாளித் தண்ணீர், முழு வாளி, வெறும் மருந்துத் தாங்கி, பிறகு கால்வாசி நிரப்பிய தாங்கி. ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை நின்று மேலே போக வேண்டும். செய்யும்போது சிறு வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால், பொதுவாக அது விறைத்த திசு இழுபடும் வலி. மறுநாளும் நீடித்தால் ஒரு படி இறங்கினால் போதும். திடீரென்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து கையின் பலம் போனாலோ, காய்ச்சலோடு காயம் கசிந்தாலோ, கை மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலை.

அடுத்த கிளினிக் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கைத்தொட்டிலை எந்த நாளில் கழற்றலாம்? என் சொந்தப் பலத்தில் கையை எப்போது தூக்கலாம்? எந்த மாதத்தில் எத்தனை கிலோ? வீட்டில் அதிகம் பயப்படுபவர் எவரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதிலை அவர் தன் காதாலேயே கேட்கட்டும்.