எள்ளுத்தாத்தா வழியே வந்த துப்பு

1976 ஜூன் மாதத்திலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்துக் கிழக்குப் பகுதி மக்கள் தூக்கம் இழந்தார்கள். முகமூடி போட்ட ஒருவன் நள்ளிரவில் வீடு புகுந்து பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்துவந்தான். கணவன் வீட்டில் இருந்தாலும் அவனுக்குப் பயமில்லை. கணவனின் கைகால்களைக் கட்டிக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின்மேல் தட்டுகளை அடுக்குவான். தட்டுச் சத்தம் கேட்டால் எல்லோரையும் கொன்றுவிடுவேன் என்பான். பக்கத்து அறையில் மனைவி. அசையாமல் கிடந்த அந்தக் கணவர்கள் பிறகு எப்படித் தூங்கினார்களோ! நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

அன்று போலீஸ் கையில் இருந்தவை ஷூ தடமும், ரத்தப் பிரிவும், ஓவியர் வரைந்த படங்களும்தான். படத்துக்குப் படம் முகம் மாறியது. 1979இல் அவன் தெற்கே போய், அங்கே கொலைகள் செய்துவந்தான். வடக்கில் தேடியவர்கள் ஒருவனையும் தெற்கில் தேடியவர்கள் வேறொருவனையும் துரத்தினார்கள். இருவரும் ஒரே ஆள் என்பதை 2001இல் டி.என்.ஏ. சொன்னது. ஆனால் ஆள் யார் என்று அதனால் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. குற்றவாளிகளின் டி.என்.ஏ.வைச் சேர்த்துவைக்கும் தேசியத் தொகுப்பை எஃப்.பி.ஐ. 1998இல் தொடங்கியது. அதில் டி.என்.ஏ.வின் 13 இடங்களை மட்டும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் அது 20 ஆனது. வேறு குற்றத்தில் பிடிபட்டு ஏற்கெனவே பதிவானவன் என்றால் சிக்குவான். ஒருமுறைகூடச் சிக்காதவனை அந்தத் தொகுப்பு என்ன செய்யும்?

இன்று கேள்வியே மாறிவிட்டது. ‘இது யாருடையது’ என்று கேட்ட இடத்தில் ‘இவனுக்குச் சொந்தக்காரர்கள் யார்’ என்று கேட்கிறார்கள்.

1980இல் வென்டுரா மாவட்டத்தில் அவன் ஒரு தம்பதியைக் கொன்றிருந்தான். அப்போது எடுத்த மாதிரி உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. புலனாய்வாளர் பால் ஹோல்ஸும், ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞரான பார்பரா ரே-வென்டரும் இருந்த குழு அதைக் கையில் எடுத்தது. இந்த முறை ஒப்பிட்டது லட்சக்கணக்கான இடங்களை. தங்கள் வம்சத்தைத் தேடுபவர்கள் டி.என்.ஏ. விவரங்களைத் தாங்களே பதிவேற்றும் ஜெட்மேட்ச் தளத்தில் அதைப் போட்டார்கள். தூரத்து உறவினர்கள் சிலர் அகப்பட்டார்கள்.

ஒரே எள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த இருவர், சந்தித்தே இராவிட்டாலும், சராசரியாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான டி.என்.ஏ.வைப் பகிர்ந்திருப்பார்கள். அந்த இழையைப் பிடித்து மேலே ஏறிப் பொது மூதாதையரைக் கண்டுபிடிக்க வேண்டும்; பிறகு கிளை கிளையாகக் கீழே இறங்க வேண்டும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு என்று ஒன்றையும் விடக்கூடாது. கல்யாண வீட்டில் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று தொடங்கி மூன்று தலைமுறையை அவிழ்க்கும் பாட்டியின் வேலைதான். மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

வயதும் வாழ்ந்த இடமும் பொருந்தியவர்களில் ஒருவன் ஜோசப் டிஏஞ்சலோ. குற்றங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே போலீஸ்காரனாக வேலை பார்த்தவன். கடை வாசலில் நின்ற அவனது காரின் கதவுப்பிடியைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள்; அவன் குப்பையிலிருந்து ஒரு திசுத்தாளையும் எடுத்தார்கள். இரண்டும் பழைய மாதிரியோடு பொருந்தின. 2018 ஏப்ரல் 24 அன்று, 72 வயதில், சிட்ரஸ் ஹைட்ஸில் இருந்த தன் வீட்டருகே கைதானான்.

அந்தத் திசுத்தாள் முக்கியம். வம்சவழி தருவது துப்பு மட்டுமே, சாட்சியம் ஆகாது. இதே வழக்கில் கைதுக்கு முந்தைய ஆண்டு, வேறொரு மரபணு ஒற்றுமையை நம்பி, ஓரிகனில் முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவரிடம் போய் மாதிரி எடுத்தார்கள். அவருக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஜெட்மேட்சில் பதிவேற்றியவர்கள் தங்கள் வேர்களைத் தேடித்தான் வந்தார்கள். உறவினரைக் காட்டிக்கொடுக்க அல்ல. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு இப்படி ஒரு தூரத்து உறவினராவது அகப்படுவார் என்று 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு கணித்தது. பதிவே செய்யாதவரும் தேடலுக்குள் வந்துவிடுகிறார் என்பதுதான் இதன் பொருள். 2019 மே மாதத்திலிருந்து, சம்மதம் சொன்னவர்களின் விவரத்தை மட்டுமே போலீஸ் தேடலாம் என்று ஜெட்மேட்ச் மாற்றியது. 2021இல் மேரிலாந்து மாநிலம், நீதிபதி அனுமதி இல்லாமல் இந்தத் தேடலைத் தொடங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. என்னைக் கேட்டால், அந்த அனுமதி எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். கொடூரக் குற்றங்களுக்கு மட்டுமே இந்தத் தேடல் என்ற எல்லையும் வேண்டும்.

2020 ஜூனில் டிஏஞ்சலோ 13 கொலைகளையும் 13 கடத்தல் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டான். ஆகஸ்டில், தண்டனைக்கு முன் மூன்று நாட்கள், உயிர் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் அவன் முகத்துக்கு நேரே பேசினார்கள். பரோலே இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் சாக்ரமென்டோவில் அவன் செய்த பாலியல் வன்கொடுமைகளுக்காக அவன்மேல் ஒரு வழக்குகூடப் போட முடியவில்லை. அன்றைய சட்டம் கொடுத்த கால வரம்பு எப்போதோ முடிந்திருந்தது. அது முடிந்ததும், அந்தப் பெண்களின் உடலிலிருந்து எடுத்த தடயங்களை அழித்தும் விட்டிருந்தார்கள்.