இரவில் எழும் பிளாஸ்மா குமிழிகள்

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவுக்குக் கிழக்கே, ஆண்டீஸ் மலையடிவாரத்து வறண்ட பள்ளத்தாக்கில் ஹிக்கமார்க்கா வானொலி ஆய்வகம் இருக்கிறது. சுழலும் கிண்ணம் எதுவும் அங்கே இல்லை. ஏறக்குறைய 300 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தில் 18,432 இருமுனை ஆன்டெனாக்கள் வரிசையாகப் பரந்திருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் கட்டிய இந்த ரேடார் 50 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலிக்குக் காத்திருக்கிறது.

அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் பூமியின் காந்தம். உயர் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கான அயனிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் அடர்ந்தும் மெலிந்தும் உண்டாகும் சீரின்மைகள் காந்தப்புலக் கோடுகளை ஒட்டியே நீண்டு கிடக்கும். அக்கோடுகளுக்குச் செங்குத்தாகப் போய் மோதும் அலைதான் வந்த வழியே பலமாகத் திரும்பும். ஹிக்கமார்க்கா இருக்கும் காந்த நடுக்கோட்டில் அவை தரைக்கு இணையாக ஓடுவதால், ரேடார் அண்ணாந்து பார்த்தாலே போதும். திருப்பதி அருகேயுள்ள காதங்கி ரேடார் காந்த நடுக்கோட்டுக்கு வடக்கே விலகியிருக்கிறது. ஆகவே அதன் கற்றையை வடக்கே சற்றுச் சாய்த்தாக வேண்டும்.

பெருவின் உவான்காயோவில் இரவு நேர எதிரொலிகள் தெளிவின்றிப் பரவித் தெரிவதை ஆய்வாளர்கள் புக்கரும் வெல்ஸும் 1938லேயே எழுதிவிட்டார்கள். அயனிமண்டலத்தின் எஃப் அடுக்கில் தோன்றும் இதற்குப் 'பரவிய எஃப்' என்று பெயர். ஆனால் ஒரு புதிர் நெடுங்காலம் உறுத்தியது. சீரின்மைகளை உண்டாக்கும் குலைவு பிறக்கத்தக்க இடம் அடுக்கின் அடிப்பகுதி. அமைதியாக இருக்கவேண்டிய மேற்பகுதியிலும் சீரின்மைகள் தெரிந்தன. அவை எப்படி அங்கே போயின?

1976இல் ஆய்வாளர்கள் உட்மனும் லா ஹோசும் ஹிக்கமார்க்கா எதிரொலியின் வலிமையை உயரம், நேரம் என்ற இரு அச்சுகளில் படமாக்கினார்கள். புகைபோல் மேலெழும் தூண்கள் அதில் தெரிந்தன. இத்துறையில் இதைவிட அழகான படம் இல்லை என்பேன். புதிருக்கான விடை அதிலேயே இருந்தது. பொழுது சாய்ந்ததும் கீழடுக்கின் எலக்ட்ரான்கள் அயனிகளோடு விரைந்து சேர்ந்து மறைகின்றன. அந்தி நேரத்து மின்புலமோ எஃப் அடுக்கை இன்னும் உயர்த்துகிறது. எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றியதுபோல, அடர்ந்தது மேலும் மெலிந்தது கீழுமாக நிலை தடுமாறுகிறது. மெலிந்த பிளாஸ்மா குமிழியாகக் கிளம்பி, மேற்பகுதியைத் துளைத்துக்கொண்டு, சில இரவுகளில் 1000 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

இதில் வியப்பானது அளவு. அலைநீளம் 6 மீட்டர் என்பதால், ரேடாருக்கு எதிரொலி தருவது 3 மீட்டர் இடைவெளியுள்ள நுண்ணிய நெளிவுகளே. பல நூறு கிலோமீட்டர் உயரும் குமிழி, தனக்குள் சிதறிச் சிதறி உண்டாக்கும் அந்தச் சிறு நெளிவுகளால்தான் அடையாளம் தெரிகிறது.

இக்குமிழிகள் வழியே வரும் ஜிபிஎஸ் அலைகள் மினுமினுத்துச் சில சமயம் அறுபட்டே போகின்றன. காந்த நடுக்கோடு கடக்கும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இது சொந்தப் பிரச்சினை. எந்தப் பருவத்தில் குமிழி மிகுதி என்று சொல்லிவிடலாம். இன்று மாலை எழுமா என்பதை முன்கூட்டிச் சொல்லத்தான் ஆய்வாளர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.