ஸ்பீடு டெஸ்ட்டில் 80, மீட்டிங்கில் திணறல்: டோரன்ட் ஓடினால் ரவுட்டருக்கு என்ன ஆகிறது?

காலை 10 மணி. டீம் மீட்டிங்கில் உங்கள் முறை வருகிறது. பேசத் தொடங்கிப் பத்து விநாடிகூட ஆகவில்லை, "உங்க வாய்ஸ் கட் ஆகுது" என்கிறார்கள். கேமராவை ஆஃப் செய்து பார்க்கிறீர்கள், பயனில்லை. கடைசியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி எப்படியோ முடிக்கிறீர்கள். பிறகு ஸ்பீடு டெஸ்ட் போட்டால், 100 எம்பிபிஎஸ் பிளானில் 80 காட்டுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "எங்க பக்கம் லைன் கிளியரா இருக்கு சார்" என்கிறார்கள். எரிச்சல் வரும். ஆனால், அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

ஓ.எம்.ஆர். பக்கம் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் ஃபிளாட்களில் இது பழகிப்போன கதை. ஒரே கனெக்‌ஷன், ஒரே ரவுட்டர், அதில் பத்துப் பதினைந்து கருவிகள். அவற்றில் யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் டோரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "நான் நேத்து நைட்டே டவுன்லோடு முடிச்சிட்டேனே மச்சி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. டவுன்லோடு முடிந்துவிட்டது, அப்லோடுதான் முடியவில்லை.

வாங்கியவர் கொடுக்கவும் வேண்டும்

பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கிய பிட்டோரன்ட் முறையில், ஒரு ஃபைல் ஒரே சர்வரிலிருந்து வருவதில்லை. அதைப் பல துண்டுகளாக்கி, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோம். நம்மிடம் வந்து சேர்ந்த துண்டுகளை உடனே மற்றவர்களுக்கு அனுப்பவும் தொடங்குகிறோம். ஃபைல் முழுதாக வந்த பிறகும் இந்த அனுப்புதல் தொடரும். இதற்குத்தான் 'சீடிங்' என்று பெயர். விண்டோவின் மூலையில் உள்ள எக்ஸ் குறியை அழுத்தினாலும் பல டோரன்ட் ஆப்கள் மூடுவதில்லை. டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக ஒளிந்துகொண்டு வேலையைத் தொடரும்.

இந்தத் தொழில்நுட்பம் சட்டவிரோதமானது அல்ல. லினக்ஸ் இன்ஸ்டால் ஃபைல்களை அதிகாரபூர்வமாகவே டோரன்ட்டில் தருகிறார்கள். ஆனால் புதுப்படத்தை இறக்கும்போது, நீங்கள் அதை வாங்குவதோடு நிற்பதில்லை, விநியோகிக்கவும் செய்கிறீர்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு ஏன் படுக்கிறது?

"அவன் அப்லோடுதானே பண்றான், எனக்கு ஏன் வெப்சைட் திறக்க மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. முன்பு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினோம் அல்லவா? இணையத்திலும் பெரும்பாலான டவுன்லோடுகள் அப்படித்தான் நடக்கின்றன. சர்வர் கொஞ்சம் அனுப்பும், "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கருவி பதில் போடும். பதில் வரவர, அடுத்தது வரும். இந்தப் பதில்கள் போவது அப்லோடு வழியில். அந்த வழி அடைத்துக்கொண்டால் பதில் தாமதமாகும், சர்வரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது வரிசைப் பிரச்சினை. பொங்கல் லீவுக்கு முந்தைய இரவு பரனூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டோரன்ட் அனுப்பும் பாக்கெட்டுகள் லாரிகள். உங்கள் குரல் டூவீலர். குரலுக்குத் தேவையான இடம் மிகக் குறைவு, 100 கேபிபிஎஸ்கூடத் தாராளம். ஆனாலும் நூறு லாரிகளுக்குப் பின்னால் நின்றால் நின்றதுதான். ரவுட்டர் இந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பாமல், தன் மெமரியில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. கேட்க நல்ல விஷயம் போலத் தெரியும், ஆனால் கோளாறே இங்கேதான். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். வரிசையில் 2 மெகாபைட் காத்திருந்தால், அது கரைய 0.8 விநாடி ஆகும். குரல் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு 150 மில்லி விநாடிக்குள், அதாவது 0.15 விநாடிக்குள், போய்ச் சேர்வது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இந்தக் கோளாறுக்கு 'பஃபர்பிளோட்' என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டு நெட் ஏன் இப்படித் திணறுகிறது என்று தோண்டப்போய், 2010-ல் இதைப் பற்றி விரிவாக எழுதத் தொடங்கினார். டோரன்ட் ஆப்களை உருவாக்குபவர்களுக்கும் இது தெரியும். தாமதம் 100 மில்லி விநாடி அளவுக்குக் கூடினால் தானே பின்வாங்கும் 'யூடிபி' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் எல்லா இணைப்புகளும் அதன் வழியே போவதில்லை.

சாதாரண ஸ்பீடு டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது. அது அளப்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்பதைத்தான். ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்பது வேறு கணக்கு. இது புரியாமல் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிக் காசைக் கரைப்பவர்கள் நிறைய பேர். டோரன்ட் அந்த அப்லோடையும் நிரப்பிவிடும்.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது?

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு மறுபடியும் அதே கதை. உங்கள் வீட்டில் இப்படி என்றால், காரணம் வரிசையாக இல்லாமல் வேறொன்றாக இருக்கலாம்.

வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும், வெளியே தெரிவது ஒரே முகவரி. எந்தக் கருவி வெளியே யாரோடு பேசுகிறது என்பதை ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும், அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் நோட்டுப் புத்தகம் போல. பதில் வரும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உரிய கருவிக்கு அனுப்புகிறது. மலிவு விலை ரவுட்டர்களில் இந்த நோட்டில் சில ஆயிரம் வரிகளுக்குத்தான் இடம். டோரன்ட் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு பேசும். போதாததற்கு, புதிய ஆட்களைத் தேடி முகம் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி. பேச்சு முடிந்த பிறகும் அந்த வரி சில நிமிடங்கள், சில ரவுட்டர்களில் மணிக்கணக்கில்கூட, அழியாமல் கிடக்கும்.

நோட்டு நிரம்பியதும் புதியவர்களுக்கு இடமில்லை. இதன் அடையாளம் விநோதமானது: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கால் நன்றாக ஓடும், ஆனால் புதிய வெப்சைட் எதுவும் திறக்காது. ரீஸ்டார்ட் செய்தால் நோட்டு வெள்ளையாகிவிடும். அவ்வளவுதான் அந்த மாயம்.

பத்து நிமிடச் சோதனை

யாரையும் குற்றம் சாட்டும் முன் இதைச் செய்யுங்கள். போனில் ஃபாஸ்ட்.காம் திறந்து, டெஸ்ட் முடிந்ததும் 'ஷோ மோர் இன்ஃபோ'வைத் தொடுங்கள். 'லேட்டன்சி' என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: லைன் சும்மா இருக்கும்போது எவ்வளவு, சுமையில் இருக்கும்போது எவ்வளவு. முதலாவது 10, இரண்டாவது 400 என்று வந்தால் வரிசைப் பிரச்சினை உறுதி.

லேப்டாப் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் 8.8.8.8 என்ற முகவரிக்கு 'பிங்' கொடுத்து ஓடவிடுங்கள். விண்டோஸில் அது நான்கு முறையோடு நின்றுவிடும், தொடர்ந்து ஓட முகவரிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டு, மைனஸ் குறியும் 'டி' என்ற சின்ன எழுத்தும் சேர்க்க வேண்டும். இப்போது டோரன்ட்டை பாஸ் செய்யச் சொல்லுங்கள். சில விநாடிகளில் எண்கள் சரசரவென்று இறங்கினால், அப்லோடு வரிசைதான் காரணம். பாஸ் செய்தும் உடனே சரியாகாமல் சில நிமிடங்கள் கழித்துச் சரியானால், நோட்டுப் புத்தகத்தைச் சந்தேகப்படுங்கள்.

யார் கருவி என்றே தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக வைஃபையை ஆஃப் செய்து பிங்கைப் பார்ப்பதே எளிய வழி. 'டோரன்ட்டா, நம்ம வீட்டிலா?' என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: விண்டோஸ் அப்டேட்டிலும் இதே பகிர்வு முறை உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' போய்ப் பாருங்கள். இணையத்தில் உள்ள மற்ற கணினிகளுடனும் பகிர்வதாக இருந்தால், அதை உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று மாற்றிவிடலாம்.

எதை மாற்றுவது?

முதலில் அப்லோடுக்குக் கடிவாளம். க்யூபிட்டோரன்ட் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஸ்பீடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நெட் கம்பெனி சொல்வது மெகாபிட், ஆப் கேட்பது கிலோபைட். 20 எம்பிபிஎஸ் என்பது சுமார் 2,500 கிலோபைட். அதில் 70 சதவீதம், அதாவது 1,750 என்று போடுங்கள். வெறும் '20' என்று போட்டால் அப்லோடு நசுங்கிவிடும். கொடுப்பவர்களுக்கே டோரன்ட்டில் முன்னுரிமை என்பதால் டவுன்லோடும் சேர்ந்து படுக்கும். "இதெல்லாம் வேலைக்கே ஆகாது" என்று நண்பர் லிமிட்டையே எடுத்துவிடுவார். 0 என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம், அதையும் கவனியுங்கள்.

அதே ஆப்ஷன்ஸில் 'கனெக்‌ஷன்' பகுதிக்குப் போனால், மொத்த இணைப்புகள் வழக்கமாக 500 என்றிருக்கும். 150 ஆக்குங்கள். ஒரு டோரன்ட்டுக்கு 100 என்பதை 40 ஆக்குங்கள். டவுன்லோடு வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ரவுட்டர் மூச்சு விடும். நேரம் குறித்து வேறு லிமிட் போடும் வசதியும் ஸ்பீடு பகுதியிலேயே உண்டு. ஆபீஸ் நேரத்துக்கு மிகக் குறைவாக, இரவு 11 மணிக்கு மேல் தாராளமாக என்று வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

நண்பர் மசியவில்லை, அல்லது வெளியூரில் இருக்கிறார், லேப்டாப் மட்டும் வீட்டில் ஓடுகிறது என்றால் ரவுட்டரில்தான் கை வைக்க வேண்டும். 'கியூஓஎஸ்' வசதி இருந்தால், மொத்த அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாகக் குறித்து, உங்கள் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் 'எஸ்கியூஎம்' என்ற வசதி உண்டு. லாரிகளுக்கு நடுவே டூவீலரை முன்னால் விடும் வேலையை அது தானே பார்த்துக்கொள்ளும். நெட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பெட்டியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்குவதற்கு, பிளானை உயர்த்துவதைவிட இது நல்ல காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல ஃபைபர் பிளான்களில் 'அன்லிமிடெட்' என்பது மாதம் 3,300 ஜிபி வரைதான், அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்லோடும் அதில் சேரும் பிளான்கள் உண்டு. யாரும் கவனிக்காமல் விட்ட சீடிங் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவும் பகலும் ஓடினால், ஒரு நாளைக்கு 108 ஜிபி, 30 நாளில் 3,240 ஜிபி. மாதக் கடைசியில் மட்டும் நெட் படுக்கிறது என்றால், ஆப்பில் டேட்டா பயன்பாட்டைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து, டோரன்ட் சுத்தமாக நின்ற பிறகும், ரவுட்டரில் நேராக லேன் கேபிள் செருகியும் பிங் எகிறுகிறதா? அப்போது கஸ்டமர் கேருக்கு போன் போடுங்கள். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு, கேபிளில், பிங் எவ்வளவு என்று மூன்று நாள் குறித்துவைத்து, அந்த எண்களோடு புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.