கேழ்வரகுக் கூழும் குடல் நுண்ணுயிர்களும்

திருப்பதியிலும் சித்தூரிலும் இன்று மருந்துக் கடைகளின் குளிர்பெட்டிகளில் "புரோபயாட்டிக்" என்று எழுதப்பட்ட சிறு பாட்டில்களும் தூள் பொட்டலங்களும் இடம் பிடித்துவிட்டன. வயிற்றுப் பொருமல் தீரும், மலச்சிக்கல் நீங்கும், தொந்தி கரையும் என்று பிறர் சொல்லக் கேட்டு வாங்குகிறவர்கள் அநேகர். "ஐயா, இதை வாங்கிக் குடிக்கலாமா?" என்று சபையிலுள்ள சகோதரிகள் சிலர் என்னிடமே கேட்டதுண்டு. ஊழியக்காரனிடம் மருந்தைப் பற்றிக் கேட்பது நம் ஜனங்களின் வழக்கம். நான் மருத்துவன் அல்லன். எனினும் இவ்விஷயத்தைக் குறித்து வாசித்து அறிந்தவற்றுள் உறுதியானவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, இவ்விரண்டு சொற்களின் பொருளை அறிந்துகொள்வோம். போதிய அளவில் உட்கொள்ளும்போது சரீரத்திற்கு நன்மை செய்கிற உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் ஆகும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001ஆம் ஆண்டில் கூட்டிய நிபுணர் குழு தந்த விளக்கம் இதுவே. பிரீபயாட்டிக் என்பதோ நுண்ணுயிர் அன்று. அந்த நுண்ணுயிர்களுக்கு இடப்படும் ஆகாரம். நம்மால் ஜீரணிக்க முடியாமல் பெருங்குடல் வரை சென்று சேரும் சில வகை நார்ப்பொருள்களும் மாவுப்பொருள்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இச்சொல்லை 1995ஆம் ஆண்டில் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்னும் இரு விஞ்ஞானிகள் முதன்முதல் வழங்கினார்கள். எளிமையாகச் சொன்னால், ஒன்று விதை, மற்றொன்று எரு.

நம் சரீரத்திலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. அவற்றில் பெரும்பான்மையானவை பெருங்குடலில் வாசம்பண்ணுகின்றன. அத்தனையையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிலோவுக்கும் குறைவே. புளித்தமாவைக் குறித்து வேதத்தில் வாசிக்கிறோம். மாவு முழுவதையும் புளிக்கவைக்கிற அந்த ஜீவன்களை அக்காலத்தில் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை.

இனி நமக்கு மிக அருகில் நடந்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். சித்தூரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர் போய்ச் சேரலாம். சித்தூர் மாவட்டத்து நோயாளிகள் தலைமுறை தலைமுறையாய் நாடிச் செல்லும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கே இருக்கிறது. இப்பொழுது அதன் கிளை வளாகம் ஒன்று நம் மாவட்டத்திலேயே ராமாபுரத்தில் இயங்கி வருகிறது. அங்கே குடல் நோய்ப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து டாக்டர் ஹென்றி பைண்டருடன் இணைந்து, காலராவினால் வந்த கடும் வயிற்றுப்போக்கில் ஓர் ஆராய்ச்சியைச் செய்தார்கள். அதன் முடிவுகள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயின.

காலராவில் உயிர் போவது நீரும் உப்பும் இழப்பதினால்தான். அதற்காகக் கொடுக்கப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கோடிக்கணக்கான பிள்ளைகளைப் பிழைக்கவைத்திருக்கிறது. சிறுகுடலில் சர்க்கரை உள்ளே நுழையும்போது உப்பையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. இழந்த நீர் திரும்பக் கிடைத்ததேயன்றி, வயிற்றுப்போக்கு குறையவில்லை. பேதி நிற்காததைக் கண்ட தாய்மார்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிக் கரைசலை நிறுத்திவிடுவதும் உண்டு.

வேலூர் மருத்துவர்கள் சிறுகுடலை விட்டுப் பெருங்குடலைக் கவனித்தார்கள். சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒரு வகைச் சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைசலில் கலந்தார்கள். அது செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டு நொதிக்கச் செய்து, சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றின. இந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் உடன் உறிஞ்சப்பட்டன. 48 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். வழக்கமான கரைசல் மட்டும் பெற்றவர்களுக்குப் பேதி நிற்க சராசரியாக ஏறத்தாழ 91 மணி நேரம் ஆயிற்று. இந்தச் சோள மாவு கலந்த கரைசலைப் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 57 மணி நேரம். அரிசி மாவு கலந்து பெற்றவர்கள் இவ்விரண்டிற்கும் இடையில் நின்றார்கள்.

இதில் என் மனதைக் கவர்ந்தது எதுவென்றால், அவர்கள் புதிய நுண்ணுயிர் எதையும் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றுக்கு ஆகாரம் கொடுத்தார்கள், அவ்வளவே. விளம்பரங்கள் பெரும்பாலும் விதையைப் பற்றியே பேசுகின்றன. எருவை மறந்துவிடுகின்றன. எருவுக்கு விளம்பரம் செய்ய யாருக்கு இலாபம்?

விதையினால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிரையும் அதற்குரிய ஆகாரத்தையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன என்று 2017இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. ஆனால் இது ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர், ஒரு குறிப்பிட்ட அளவு, மருத்துவர்களின் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருத்துவமனையிலிருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருள்களைக் கொடுப்பதில் ஆபத்து உண்டு என்று எச்சரித்தது. ஆகையால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பலித்தது என்று நம் வீட்டுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பது தகாது.

இப்பொழுது நம் சமையலறைக்கு வருவோம். இட்லி மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குவது நுண்ணுயிர்களின் வேலையே. அதனால் இட்லியும் புரோபயாட்டிக்தான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆவியில் வெந்தபின் அந்த நுண்ணுயிர்கள் உயிரோடிருப்பதில்லை. இட்லி எளிதில் செரிக்கிற நல்ல ஆகாரம். ஆனால் உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமானால் கொதிக்காத தயிரும் மோரும் வேண்டும். மோரைக் குழம்பாக்கிக் கொதிக்கவிட்டால் ருசி தங்கும், ஜீவன் தங்காது. வீட்டுத் தயிரில் எந்த வகை நுண்ணுயிர் எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் அளந்து சொல்ல முடியாதபடியால், விஞ்ஞானிகள் அதைப் புளித்த ஆகாரம் என்று மட்டும் அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் அது நல்லதே.

கேழ்வரகுக் கூழ் இவ்விஷயத்தில் இட்லியை வென்றுவிடுகிறது. மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, மறுபடியும் ஓர் இரவு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறார்கள் அல்லவா? காய்ச்சும்போது மடிந்தாலும், இரண்டாம் புளிப்பிலும் மோரிலும் நுண்ணுயிர் திரும்ப வந்துவிடுகிறது. விதையும் எருவும் ஒரே சட்டியில்! இங்குள்ள தெலுங்கு மக்கள் இதை அம்பலி என்கிறார்கள். பழைய சோற்றைச் சத்தி அன்னம் என்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பாஷையை மாற்றிக்கொள்ளச் சிரமப்பட்டாலும், காலை ஆகாரத்தில் மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. வெங்காயம், பூண்டு, வாழைக்காய், காராமணி, கொள்ளு, கீரை ஆகியவையும் நுண்ணுயிர்களுக்கு நல்ல ஆகாரம். இவற்றை விற்க விளம்பரமே வேண்டியதில்லை.

பழைய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுப்பொருளில் ஒரு சிறு பங்கு, செரிக்காத வகையாக மாறுகிறது. வேலூரில் பயன்பட்ட மாவின் தூரத்து உறவு அது. ஆனால் அந்தப் பங்கு மிகச் சிறியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். திருப்பதியின் சித்திரை வெயிலில் சோற்றை மணிக்கணக்கில் சட்டியிலேயே வைத்திருந்து பிறகு நீர் ஊற்றுவது ஆபத்து. ஆறியவுடன் சுத்தமான நீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். வழக்கமான புளிப்பு மணமின்றி வேறு வாடை வீசினால் கொட்டிவிடுங்கள். சோற்றை வீணாக்கலாகாது என்று மனம் வருந்த வேண்டாம்.

சரி, சரீர எடை குறையுமா? பருத்தவர்களின் குடல் நுண்ணுயிர்களை நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குள் செலுத்தியபோது அந்த எலிகளில் கொழுப்பு கூடியதை அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் குழுவினர் 2013இல் காட்டினார்கள். அன்று முதல் "மெலியவைக்கும் நுண்ணுயிர்" என்ற வியாபாரம் பெருகிற்று. மனிதரில் அதன் பலன் மிகச் சொற்பமாகவே காணப்படுகிறது. எருவின் பக்கத்தில் சற்று நல்ல செய்தி உண்டு. 2024இல் சீனாவில் எடை மிகுந்த 37 பேரிடம் நடந்த சோதனையில், செரிக்காத மாவை நாளொன்றுக்கு 40 கிராம் வீதம் எட்டு வாரம் உண்டபோது சராசரியாக 2.8 கிலோ எடை குறைந்தது. இது சிறிய சோதனை. அவர்களுடைய மற்ற ஆகாரமும் அளந்தே கொடுக்கப்பட்டது. இதைக் கேட்டு, 40 கிராமுக்காகப் பழைய சோற்றைச் சட்டி சட்டியாக உண்ணத் தொடங்கினால், நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், இடுப்புக்குக் கிடைப்பது மிகுதி.

நம் இடுப்பின் அளவு சிறிய காரியம் அன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் இருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறிற்று. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது நம் நாட்டவருக்கு எச்சரிக்கை. உபவாச ஜெபம் முடிந்தவுடன் பிரியாணி அண்டாவைத் திறக்கிற சபைகள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு குவளை மோரும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொண்டு உபவாசத்தை முடித்தால் யாரும் குறைவுபட்டுப் போவதில்லை.

பாட்டில் வாங்கியே தீருவோம் என்பவர்கள் அதன் மேலுள்ள எழுத்தை வாசியுங்கள். நுண்ணுயிரின் முழுப்பெயரும் எண்ணிக்கையும் காலாவதி நாளும் சர்க்கரையின் அளவும் இருக்கவேண்டும். கடைக்காரர் அதை வெயிலில் வைத்திருந்தாரா என்றும் பாருங்கள். கூழும் பயறும் பழகாத வயிற்றுக்கு முதல் வாரத்தில் வாயுத் தொல்லை தரும். ஆகையால் சிறிது சிறிதாகக் கூட்டி, நீர் நிறையப் பருகுங்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் கூழையும் அளவோடுதான் குடிக்கவேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாட்டிக் எதையும் தொடவேண்டாம். மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அதைக் கூழினால் சரிசெய்யப் பார்க்காமல் ரூயா ஆஸ்பத்திரிக்கோ ஸ்விம்ஸுக்கோ அந்த வாரத்திலேயே செல்லுங்கள்.