மேற்பதிவும் கைப்போக்கும்: தையற்கலைச் சொற்கள் சில

கைத்தொழில் நூலை மொழிபெயர்ப்பவர் சொல்லின் பொருளைவிட அச்சொல் சுட்டும் செயலையே முதலில் நோக்கவேண்டும். செயல் பிறழ உணர்த்தப்பட்டால் துணி கெடும். துணிமேல் துணி பதித்து, மூன்று அடுக்காக்கி, தையலால் கோடிழுத்து உருவாக்கப்படும் சுவர்த்தொங்கல் இதற்குத் தக்க சான்று.

ஒரு துணியின்மீது வேறொரு துணியை உருவமாக வெட்டிவைத்துத் தைப்பது அப்ளிக் எனப்படும். மேலிடுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஒடிசாவின் பிப்பிலியில் பூரித் தேர்களுக்குச் செய்யப்படும் விதானங்களும், தமிழகத் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் இவ்வகையின. தொம்பை என்பது நெற்கூட்டிற்கும் பெயர். ஆகவே தமிழ் இங்குச் செயலுக்கன்றி, முடிந்த பொருளின் உருளை வடிவிற்கே பெயரிட்டது எனலாம். செயலை 'ஒட்டுத்தையல்' என்று எழுதுவோர் உளர். ஒட்டு என்றதும் படிப்பவர் கிழிசலை நினைப்பார்; அன்றிப் பசையைத் தேடுவார். (பசைப்படலத்தை இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் ஒட்டியபின் விளிம்பைத் தைக்கும் முறையும் இன்று இருப்பது குழப்பத்தை மிகுவிக்கிறது.) ஒட்டு, ஓட்டு என்னும் குறில் நெடில் வேறுபாடு அச்சில் தவறினால் ஒட்டுத்தையல் ஓட்டுத்தையலாகிவிடும். 'மேற்பதிவுத் தையல்' இவ்விடர்களுக்கு அப்பாற்பட்டது.

குவில்ட் என்பதன் மூலம் மெத்தையைக் குறிக்கும் லத்தீன் சொல். எனினும் 'மெத்தைத் தையல்' என்றால் தமிழர்க்குப் பஞ்சு திணித்த படுக்கையே தோன்றும். இங்கு மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுவிரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே கருதப்படுகிறது. 'அடுக்குத் தையல்' எனல் தகும். பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. அங்கு அது கலைப்பொருளின் பெயராக உயர்ந்தது. இங்குக் கிழிந்த துணியாகவே நின்றுவிட்டது.

பெரிதும் இடறுவது இயந்திரத் தையற்பகுதியே. தையல் இயந்திரத்தில் ஊசிக்குக் கீழிருந்து துணியை நகர்த்தும் பற்களுக்கு ஆங்கிலத்தில் ஃபீட் டாக் என்று பெயர். டாக் என்பது இங்குப் பற்றி நகர்த்தும் உறுப்பு; நாயன்று. பற்களைத் தாழ்த்திவிட்டால் துணி தானே நகராது. தைப்பவர் இரு கைகளாலும் துணியைப் பரப்பிப்பிடித்து, ஊசியை எழுதுகோலாகவும் துணியைத் தாளாகவும் கொண்டு, தாளை நகர்த்தி வரைகிறார். இதனைச் 'சுதந்திர அசைவுத் தையல்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. எது சுதந்திரம் பெற்றது என்பதை அது கூறவில்லை. 'கைப்போக்குத் தையல்' என்பது உணர்த்துகிறது. தையலின் நீளத்தை இங்கு இயந்திரம் நிறுவுவதில்லை. கை விரைந்து ஊசி மெதுவாயின் தையல் நீளும். ஊசி விரைந்து கை தயங்கின் தையல்கள் நெருங்கி, நூல் சிக்கி அறுவதும் உண்டு. நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கித் தைத்தால் துணியின் தளர்ச்சி வெளியே தள்ளப்பட்டுச் சுருக்கம் விழாது.

அடர்ந்த தையலால் துணி எல்லாப் பக்கமும் சற்று உள்வாங்கும். ஆதலின் அடித்துணியும் பஞ்சுவிரிப்பும் முதலில் பெரிதாகவே விடப்படும். தைத்தபின்னரே அளவுக்கு வெட்டப்படும். ஆங்கில நூல் 'வெட்டுக, தைத்தபின்' என்னும் வரிசையில் கூறலாம். தமிழ் வினையெச்சத் தொடரோ பெரும்பாலும் செயல் நிகழும் முறையிலேயே அமைவது. 'தைத்து, வெட்டி, விளிம்பு கட்டி, கழி நுழையும் உறையைப் பின்புற மேலோரத்தில் பொருத்துக' என்று எழுதிவிடின் படிப்பவர் கத்தரிக்கோலை முந்தி எடுக்கமாட்டார்.