எல்லைக்கோடு அறியாத டால்பின்கள்

புதுதில்லி: வங்கக் கடலில் எல்லைக்கோடு வரைய இந்தியாவும் வங்கதேசமும் சர்வதேச நடுவர் மன்றம் வரை செல்ல நேர்ந்தது. அக்கோட்டுக்கு அருகே, கடலுக்கடியில் உள்ள பள்ளத்தாக்கு ஒன்றை டால்பின்களும் திமிங்கிலங்களும் வழக்கு ஏதுமின்றிப் பங்கிட்டுக் கொண்டு வாழ்கின்றன.

சுந்தரவனக் காடுகளுக்குத் தெற்கே, ஆழமற்ற கடல்தரை திடீரெனப் பிளந்து, 900 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்குகிறது. 'ஸ்வாட்ச் ஆப் நோ கிரவுண்ட்' என்பது இதன் பெயர். 'தரை தட்டாத பகுதி' எனப் பொருள் கொள்ளலாம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் சத்துகளும், பள்ளத்தாக்கின் சரிவில் மோதி மேலெழும் நீரோட்டமும் இங்கு மீன்வளத்தைப் பெருக்குகின்றன.

ஆழமே வேலி

இவ்வளத்துக்காகத் திரளும் உயிரினங்களை நீரின் ஆழமும் உப்புத்தன்மையுமே பிரித்து வைக்கின்றன. ஆற்றுநீர் கலக்கும் கரையோரம், ஐராவதி டால்பின்களுக்கும் முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றிகளுக்கும் உரியது. கூன்முதுகு டால்பின்களும் கரையை ஒட்டியே வாழ்கின்றன. பள்ளத்தாக்கின் விளிம்பில் புட்டிமூக்கு டால்பின்கள் இரை தேடுகின்றன. ஆழ்ந்த நீரில் சுழல் டால்பின்களும் புள்ளி டால்பின்களும் கூட்டமாகத் திரிகின்றன. நீலத் திமிங்கிலத்தை விட மிகச் சிறியதான பிரைடு திமிங்கிலமும் இங்கு காணப்படுகிறது.

வலையே எமன்

மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய இவ்வுயிரினங்கள், வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறக்கின்றன. 2005 முதல் 2009 வரை ஆய்வாளர்கள் புகைப்படம் மூலம் அடையாளம் கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிமூக்கு டால்பின்களில், நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றின் உடலில் மீன்பிடிக் கருவிகளால் ஏற்பட்ட காயங்கள் இருந்தன.

2014 ஜூலையில் வெளியான தீர்ப்பில், சர்ச்சைக்குரிய 25,602 சதுர கி.மீ. பரப்பில் 19,467 சதுர கி.மீ. வங்கதேசத்துக்குக் கிடைத்தது. தீர்ப்பை இந்தியாவும் ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில், பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை உள்ளடக்கிய 1,738 சதுர கி.மீ. கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வங்கதேசம் அறிவித்தது. ஆனால், ஒரு நாட்டின் அறிவிப்பு அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிடும், டால்பின்கள் நிற்பதில்லை. இந்தியாவில் 2020 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட டால்பின் திட்டம், ஆற்று டால்பின்களோடு கடல் டால்பின்களையும் உள்ளடக்கியது. அதன் கடல் பகுதிக்கு அண்டை நாட்டின் ஒத்துழைப்பும் தேவை.

ஒத்துழைப்பு சாத்தியமே

எல்லை தாண்டியதாகக் கைதான 95 இந்திய மீனவர்களும் 90 வங்கதேச மீனவர்களும் 2025 ஜனவரியில் பரஸ்பரம் ஒப்படைக்கப்பட்டனர். அதே ஆண்டில், மே 20 முதல் 65 நாள்கள் என்றிருந்த மீன்பிடித் தடைக்காலத்தை, ஏப்ரல் 15 முதல் 58 நாள்கள் என வங்கதேசம் மாற்றியது. தமிழகம் உள்பட இந்தியக் கிழக்குக் கடற்கரையிலும் தடை தொடங்குவது ஏப்ரல் 15-ல்தான். தங்களுக்குத் தடை இருக்கையில் இந்தியப் படகுகள் மீன்பிடிப்பதாக வங்கதேச மீனவர்கள் நெடுங்காலமாகக் கூறிவந்த குறைக்கு இதனால் தீர்வு கிடைத்தது.

மீன்களுக்காக நாள்காட்டியை ஒத்திசைக்க முடிந்தது என்றால், டால்பின்களுக்காக வலைக் கட்டுப்பாடுகளையும் கணக்கெடுப்பையும் ஒத்திசைக்க இயலாதா? தில்லியும் டாக்காவும் விடை காண வேண்டிய கேள்வி இது. கடலைப் பிரித்தாகிவிட்டது, அதைக் காக்கும் பொறுப்பைப் பிரிக்க முடியாது.